பிளேட்டில் இருப்பது ஐந்து

கடிதத்தில் சீல் இல்லை. எங்கள் வீட்டுச் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நான் அப்போது சென்னையில் பொருளாதாரம் எம்.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் இரண்டரை மாதம் ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு வந்து, தண்ணீர், மின்சாரம் இவற்றைப் பற்றிய அரசுக் கொள்கைகளை ஆராயும் நிறுவனம் ஒன்றில் பயிற்சி எடுக்கலாம், விமான டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு என்று மின்னஞ்சல் வந்தது. அதை இரண்டு தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறினேன். நைனா தாள்களை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஒரு காகிதம் மெய்யா பொய்யா என்று பார்க்க அர்த்தம் எதற்கு என்பது அவர் கட்சி.

"ரவுண்டு சீல் எங்க?" என்றார்.

வெளிநாட்டில் சீல் குத்துவதில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்ற பரிதாபம் இருந்தது. சீல் இல்லாமல் ஒரு ரேஷன் கார்டோ, சிட்டாவோ, பள்ளிக்கூடத்து டி.சி.யோ அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மறுநாள் தாள்களைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வருஷா வருஷம் எங்கள் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுக்கிற வியாபாரி அங்கே இருக்கிறார். சமணக் குடும்பம், இந்தப் பக்கத்தில் எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே இருக்கிறவர்கள். அவர் மகன் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் வெளிநாட்டுச் சமாசாரம் எதுவானாலும் தீர்ப்பு அவர் கடையில்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாராம். விஷயம் நல்ல விஷயமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒரு சீல் இருந்தால் தேவலை என்றாராம்.

வேறு வழியில்லாமல் அந்த நிறுவனத்துக்கே எழுதினேன். என் தந்தை பார்க்க வேண்டும், தயவுசெய்து சீல் வைத்து அனுப்புங்கள் என்று. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து அதே கடிதத்தைத் தங்கள் சின்னத்தை மட்டும் பெரிதாக்கி மறுபடி அனுப்பினார்கள். நைனா அதைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் இதைவிட நன்றாக அடிப்பார்கள் என்றார்.

சீல் ஒரு சாக்கு என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வேலை என்று கூட்டிக்கொண்டு போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் மோசடி செய்ய உட்கார வைக்கிறார்கள் என்ற செய்தியை அவர் டீக்கடை டி.வி.யில் பார்த்திருந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி அதுவும் இல்லை. ஒரு நாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டார்.

"இம்மாந் தூரம் காசு போட்டுக் கூட்டிக்கினு போறான்னா, உங்கிட்ட எதோ ஒண்ணு இருக்குது, அது அவனுக்கு வேணும். அது இன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மார்க்கைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள், நான் எழுதிய கட்டுரையைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்றேன். மார்க் வாங்கின பிள்ளைகள் அந்த ஊரில் இல்லையா என்று கேட்டார். பதிலுக்கு இன்னும் கத்தினேன். அம்மா வந்து, மாடு மிரளுது, ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க என்று விலக்கிவிட்டாள்.

நடுவில் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நான் எப்படிப்பட்ட பெண் என்று பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கேட்டார். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது, எனக்கு மாமா முறை. தங்கமான பொண்ணு என்று சாட்சி சொல்லி அனுப்பிவிட்டு, நேராக நைனாவிடம் வந்து தாழ்ந்த குரலில், இன்னா கேஸு என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு ஒரு வாரம் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே அன்பாகப் பேசினார்கள்.

கடைசியில் விசா வந்தது. பளபளக்கும் ஸ்டிக்கரின் ஓரத்தில் மங்கலாக ஒரு முத்திரையும் இருந்தது. நைனா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்து, சரி போ என்றார். திண்டிவனத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக ஒன்று சொன்னார்: யார் எதைக் கேட்டாலும் பாதி சொல்லு.

அந்த ஐரோப்பிய ஊரில் போய் இறங்கியதும் சந்தேகப்படுவது என் முறையாயிற்று. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் முன்பின் தெரியாத எனக்கு வணக்கம் சொன்னார்கள். எதற்கு என்று புரியவில்லை. என் மேற்பார்வையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். குட்டை முடி, எப்போதும் சைக்கிள். முதல் நாளே அலுவலகச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். ஏதாவது தொலைந்தால் பழி என் தலையில் விழும் என்று நான் அதைக் கழுத்துக் கயிற்றில் கோத்து, குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் வைத்திருந்தேன். கூட்டங்களில் அவர் என் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். எங்கள் கல்லூரியில் ஆசிரியர் அப்படிக் கேட்டால் யாரையோ மாட்டிவிடப் போகிறார் என்று அர்த்தம். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

இரண்டாம் வாரம் எனக்கு ஒரு பெரிய அட்டவணையைக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் விவசாயக் கிணறுகளுக்குக் கொடுக்கப்படும் இலவச மின்சாரத்தைப் பற்றிய ஆய்வு அது. யாரோ ஒரு கம்பெனி ஊர் ஊராக ஆள் அனுப்பி விவசாயிகளைக் கேட்டு நிரப்பியது. கிணற்றின் ஆழம், பயிர், ஒரு நாளில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடுகிறது, மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று வரிசையாகப் பத்திகள். மோட்டாரின் சக்தியையும் ஓடும் நேரத்தையும் வைத்து எவ்வளவு தண்ணீர் உறிஞ்சப்படுகிறது என்று கணக்குப் போடுவார்கள். அட்டவணையில் எங்கள் பக்கத்து ஊர்களும் இருந்தன. அனந்தபுரம் என்ற பெயரை அந்த ஊர்க் கம்ப்யூட்டரில் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி இருந்தது. மோட்டார் பத்தியைப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று, ஐந்து, ஐந்து. கீழே இழுக்க இழுக்க ஐந்துதான். நான் சிரித்துவிட்டேன்.

ஏன் சிரித்தேன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் பாறை பூமி. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. ஐந்து எச்.பி. மோட்டார் வைத்தால் தண்ணீர் பாதி வழி ஏறி மூச்சு வாங்கும். ஆனால் இலவச இணைப்பில் அனுமதி பெரும்பாலும் ஐந்துக்குத்தான் கிடைத்திருக்கும். ஆகையால் ஏழரை எச்.பி. மோட்டார் வாங்குவார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் கொடுத்தால் அதன் சக்தியைப் பொறித்த பிளேட்டைப் பெயர்த்துவிட்டு ஐந்து என்று அடித்த பிளேட்டைத் திருகித் தருவார்கள். அதிலிருந்து அது ஐந்து. ஏழரை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சனி பிடிக்கும் என்று கேலியும் உண்டு. பிளேட்டைப் பார்க்கிற அதிகாரிக்கும் தெரியும், காட்டுகிற விவசாயிக்கும் தெரியும். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடக்கும். எங்கள் கிணற்றிலும் அப்படித்தான். அந்த இணைப்புக்கு நைனா வருஷக்கணக்காகக் காத்திருந்தார். நான் நான்காம் வகுப்பு படித்தபோது எழுதிய மனுவுக்கு நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் கம்பம் நட்டார்கள். ஏழரை வெளியே தெரிந்து அது போனால் எங்களுக்குக் கழனி இல்லை, கழனி இல்லை என்றால் எதுவும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிப் படித்தவள்தான். மேற்பார்வையாளர் அம்மாள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். இந்தக் கணக்கு தப்பு, இவ்வளவு பேரும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஊரில் மாடு கட்டத் தெரிந்தவள் என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பட்டது.

உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மாள் கேட்டார். எல்லோருக்கும் தெரியும் என்றேன். எல்லோரும் என்றால் யார் என்று கேட்டார். எங்கள் வீட்டில் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. யார் எதைக் கேட்டாலும் பாதி என்ற நினைப்பு வந்து விழுங்கிவிட்டேன். கைபேசியில் ஆயுத பூஜைக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது, மோட்டாருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டது. அன்று அறைக்குப் போய் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளேட்டில் ஐந்து. காயில் கடைக்காரர் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தார்.

அந்த அம்மாள் நியாயமானவர். சந்தேகம் என்றால் சோதித்துப் பார்ப்போம் என்றார். உனக்குத் தெரிந்த பக்கத்து விவசாயிகள் பத்துப் பேருக்கு போன் செய், உன் மொழியில் கேள், அவர்கள் உன்னிடம் உண்மை சொல்வார்கள் என்றார். போன் பேசுவதற்கு முன்னால் வாசிக்க ஒரு குறிப்பு இருந்தது. அதைத் தமிழில் எழுதினேன். நீங்கள் பதில் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பெயர் எங்கும் வராது, நீங்கள் சொல்வதால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படாது. எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆள் வந்து உங்கள் பேர் எங்கும் வராது என்று சொன்னால், பேர் வரப்போகிறது என்றுதான் அர்த்தம். இது தெரிய வேண்டிய எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

முதல் போன் நைனாவுக்கு. அவர்தான் எனக்கு உண்மையைச் சொல்வார் என்ற நம்பிக்கை. சொல்லப்போனால் நிலத்தைப் பற்றி அவர் எனக்குச் சொல்லாதது ஒன்றும் கிடையாது. ஹாஸ்டலில் இருக்கும்போது தினமும் சாயங்காலம் போன் வரும். கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது, எந்த மடை உடைந்தது, எந்தப் பாத்தியில் பன்றி இறங்கியது என்று சொல்வார். தோழிகள் கேலி செய்வார்கள். அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் நிலத்துக்கு வாரிசு நான்தான் என்று அவர் சொன்னதில்லை, அந்த போன்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவில் காலை, ஊரில் மதியம் தாண்டிய நேரம். ஸ்பீக்கரில் போட்டேன். மேற்பார்வையாளர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் நைனா எடுத்தார்.

"சாப்ட்டியா பாப்பா?"

பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் கொட்டாயில்தான் நின்றுகொண்டிருந்தார். த்ரீ பேஸ் கரண்ட் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் அந்தக் குறிப்பை வாசித்தேன். இலக்கணத் தமிழில், நைனாவிடம். வாசித்து முடித்ததும், பக்கத்துல யாரு என்று மட்டும் கேட்டார். எங்க மேடம் என்றேன்.

"கேளுங்க," என்றார்.

கிணற்றின் ஆழம் கேட்டேன், சொன்னார். பயிர் கேட்டேன், சொன்னார். மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டேன்.

"அஞ்சுங்க."

அவர் அதைச் சொல்லும்போது அந்த ஏழரை அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து எச்.பி. சத்தமும் ஏழரை எச்.பி. சத்தமும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லத் தெரியும், அது அவருக்கும் தெரியும். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என்னைப் பெற்றவர் எனக்கு மரியாதை கொடுத்துப் பொய் சொல்கிறார். அவர் என்ன சொன்னார் என்று அம்மாள் கேட்டார். ஐந்து என்று எழுதிக் காட்டினேன்.

மீதி ஒன்பது பேரும் ஐந்து. சாட்சி சொன்ன அந்த மாமா, நான் கேள்விக்கு வருவதற்கு முன்பே, அஞ்சும்மா, பிளேட்லயே இருக்குது என்றார். நைனா எல்லோருக்கும் தகவல் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. லைன்மேன் சோதனைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வரும்போது கொல்லைக்குக் கொல்லை போன் பறக்குமே, அதேபோல இந்தத் தடவை என்னைப் பற்றிப் பறந்திருக்கிறது.

அம்மாள் பத்துப் பதிலையும் பார்த்தார். ஆக, அட்டவணை சரிதான் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து கூட்டங்களில் நீ என்ன நினைக்கிறாய் என்று என் பக்கம் திரும்புவதில்லை. அவர் பார்வையில் நான் கவனம் கிடைக்கக் கதை விட்ட பெண். எங்கள் ஊரில் என்னை நம்பவில்லை, இங்கேயும் நம்பவில்லை. இந்த அவமானத்தை வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கடைசி வாரம், அறிக்கையில் எனக்கென்று ஒதுக்கிய பகுதியின் அடியில் மூன்று வரி குறிப்பு எழுதினேன். மோட்டார்களின் உண்மையான சக்தி பிளேட்டில் உள்ளதைவிட அதிகமாக இருக்கக்கூடும், உள்ளூரில் இது பரவலாகத் தெரிந்த விஷயம் என்று. உள்ளூர் என்றால் எது என்று அம்மாள் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். ஊர்ப் பெயரைப் போட மனம் வரவில்லை. வட தமிழ்நாட்டில், பாறை நிறைந்த ஒரு கோட்டை நகரத்தைச் சுற்றி என்று எழுதினேன். பேரைப் போடவில்லை என்று எனக்கே ஒரு சமாதானம்.

ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். நைனா திண்டிவனத்துக்கே வந்து பையைத் தூக்கிக்கொண்டார். போனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கூட வந்திருந்த அம்மா, அங்கே சோறு கிடைக்குமா, குளிக்க வெந்நீர் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் வாங்கி வந்த சாக்லேட்டைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். மாமா மட்டும் அதன் காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் இருக்கும். மின்சார இணைப்புகளைச் சரிபார்க்கிறோம் என்று இரண்டு அதிகாரிகள் எங்கள் பக்கம் வந்தார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை வருவதுதான். ஆனால் இந்த முறை வண்டி எங்கள் தெருவில் நுழைந்தபோது, நைனாவும் நானும் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அங்கே இருந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மாமாதான் வாயைத் திறந்தார். படிச்ச புள்ள ஊருக்கு வந்துது, பின்னாலயே வண்டி வருது என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நைனா டீ கிளாசை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"எம் பொண்ணு படிக்கிறது வேற படிப்பு. கரண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

அத்தனை பேருக்கு முன்னால் எனக்காகப் பேசினார். அதிகாரிகள் கொல்லை கொல்லையாகப் போனார்கள். எங்கள் கொட்டாய்க்கும் வந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் குனிந்து பிளேட்டைப் பார்த்து ஐந்து என்று எழுதினார். இன்னொருவர் மோட்டார் சத்தத்தை ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இளநீர் இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். யாருடைய இணைப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர்கள் வந்ததற்கும் என் மூன்று வரிக்கும் சம்பந்தம் இருக்க வழியே இல்லை. இன்னும் வெளிவராத ஓர் இங்கிலீஷ் அறிக்கையின் அடிக்குறிப்பைப் படித்துவிட்டா செஞ்சிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள்? இதை நானே எனக்குப் பல தடவை சொல்லிக்கொண்டேன். ஆனால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய் என்றால் செய்வேனா தெரியாது.

அவர்கள் போன பிறகு நைனா மோட்டாரை நிறுத்தினார். கிணற்று மேட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எதிரே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"எழுதுனியா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். டீக்கடையில் எனக்காக நின்ற மனிதரிடம் வாய் வரவில்லை.

"எழுதுனேன் நைனா. பேர் போடல. ஊர் பேரும் போடல."

"அப்புறம் எப்படிப் போட்ட?"

"கோட்டை இருக்கிற ஊருன்னு."

அவர் மலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கோட்ட எத்தினி ஊர்ல இருக்குது?"

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தி முடிந்ததும் சோறு சாப்பிட்டிருப்போம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் அழுதேன். அவங்க யாரும் என்னை நம்பலை நைனா, அந்த வெறியில எழுதிட்டேன் என்று சொன்னேன். உதவாத சமாதானம்தான், ஆனாலும் உண்மை. அவர் கேட்டுக்கொண்டார். சரி உடு, வெயில் ஏறுது என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அன்று மத்தியானமே தெரிந்தது, அம்மா எப்போதும்போல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி திறந்து சென்னைக்கு வந்துவிட்டேன். சாயங்கால போன் நிற்கவில்லை. சாப்ட்டியா, ஒடம்பு எப்படி இருக்குது, பரீட்சை எப்போ என்று கேட்பார். கிணற்றில் தண்ணீர் எப்படி என்று நான் கேட்டால், பரவால்ல என்பார். பயிர் எப்படி என்றால், இருக்குது என்பார். முதலில் அவருக்கு அலுப்பு என்று நினைத்தேன். அப்புறம் எனக்கு எதையும் நினைக்கப் பிடிக்கவில்லை. அறிக்கை வெளிவந்து, அதன் இணையச் சுட்டியை அனுப்பியிருந்தார்கள். நன்றி தெரிவிக்கும் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அட்டவணையில் எங்கள் பக்கத்துக்கு ஐந்து. என் மூன்று வரியை எடுத்துவிட்டிருந்தார்கள், ஆதாரம் போதவில்லையாம். உடனே நைனாவுக்கு போன் செய்து, அந்தக் குறிப்பு இல்லை, எடுத்துட்டாங்க என்று சொன்னேன். அப்படியா, நல்லது என்றார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்மா சொன்ன எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது அந்த மல்லாட்டை வியாபாரி கடையிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். வெளிநாட்டுச் சமாசாரம் விசாரித்தார். பிறகு சந்தோஷமாக, உங்க போர்ல தண்ணி பீச்சி அடிக்குதாமே, இந்தப் பாறையில இது அதிர்ஷ்டம்மா, நைனாவக் கேட்டதா சொல்லு என்றார். நான் தலையாட்டினேன். ஆமாங்க என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். எந்த போர் என்று அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் பக்கம் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவது கல்யாணத்துக்கு அடுத்த காரியம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பார்கள், நல்ல நாள் பார்ப்பார்கள், லாரி வந்தால் குடும்பமே கொல்லையில் உட்கார்ந்திருக்கும். புகைப் புகையாகக் கல்மாவு பறக்கும். முதல் ஈரம் தெரிகிற வரைக்கும் ஒருவரும் பேச மாட்டார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளை லீவு போட்டு வரச் சொல்வார்கள். வீட்டுப் பெண்தான் அந்தத் தண்ணீரை முதலில் கையில் ஏந்தி மஞ்சள் குங்குமம் போட வேண்டும். அன்றைக்கும் எனக்குச் சாயங்கால போன் வந்திருக்கும், சாப்ட்டியா என்று மட்டும்.

வீட்டுக்குப் போனேன். நைனா கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"போர் போட்டியா நைனா?"

அம்மாவின் கரண்டி நின்றது. அவள் என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தாள். நைனா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"யாரு சொன்னாங்க?" என்றார்.